மரதன் ஓட்டத்துக்கு ஆயத்தம்: நீளோட்டமும் பயிற்சித் தணிப்பும்

இந்நாட்டுப் பாடசாலைகளிலே ஆண்டுதோறும் இல்ல மெய்வன்மைப் போட்டிகள் தொடங்குதற்கு முன்னர் வீதியோட்டம் ஒன்று நடத்தப்படுவதும், அதற்கு மரதன் என்னும் பெயர் வழங்கப்படுவதும் யாவரும் அறிந்தனவே. ஐந்து கிலோமீற்றர், மிஞ்சினாற் பத்துக் கிலோமீற்றர் கொண்ட அவ்வோட்டத்தை மரதன் என அழைப்பது, குளத்தைக் கடல் என்பது போன்றதாகும். பெயரிலே பிழை இருப்பதனால் மட்டும் தீங்கில்லை. ஆயின், பெயரைப் பெரிதாக்கி ஆயத்தத்தைச் சிறிதாக்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. முதல்நாள் மாலையிலே பெயர் கொடுத்து, மறுநாட் காலையிலே, வெறும் வயிற்றோடும் வெறுங்காலோடும், தலைக்கு மேல் வெயில் ஏறிய பின்னர் ஓடத் தொடங்கும் மாணாக்கர் எத்தனையோ பேர். கடும் வெப்பம் நிலவிய 2024 மார்ச்சு மாதத்திலே, அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய பதினாறு வயது மாணவர் ஒருவர் உயிர் துறந்த செய்தி நாடெங்கும் துயர் விளைத்தது. ஆதலின், இவ்வோட்டத்துக்கு உடலை எங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பது ஓட்டவீரர்க்கு மட்டுமன்றி, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய வினாவேயாம்.

முழு மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரிலே முதல் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தபோது, மரதன் என்னும் ஊரிலிருந்து நகர் வரை ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றரே. அதில் வென்றவர் கிரேக்க நாட்டவராகிய ஸ்பிரிடோன் லூயி. 1908ஆம் ஆண்டு இலண்டன் விழாவில், வின்சர் அரண்மனையிற் புறப்பட்டு விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு எதிரே முடியுமாறு பாதை வகுத்தமையாலே இன்றைய தூரம் உண்டாயிற்று. 1921இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. உடலியலோ வேறெந்த அறிவியலோ வகுத்த தூரமன்று அது. எனினும், மனித உடலின் எரிபொருட் சேமிப்பு தீர்ந்துபோகும் எல்லைக்குச் சற்று அப்பால் அது அமைந்துவிட்டமை வியப்புக்குரியதே.

இத்தூரத்தைக் கண்ணாற் காண விரும்புவோர்க்குப் புத்தளக் கரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாலாவிச் சந்தியிலே பிரியும் வீதி, புத்தளக் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு, கரம்பை, நுரைச்சோலை முதலாய ஊர்களைக் கடந்து, ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் கற்பிட்டியை அடைகின்றது. இதன் நீளம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். குடாநாட்டின் அடியிலிருந்து முனைவரை ஒரே மூச்சில் ஓடி, இன்னுஞ் சிறிது தூரமும் ஓடினாலே மரதன் நிறைவுறும். தென்னந் தோட்டங்களும், வெங்காயம், மிளகாய், மரக்கறி விளையும் மணற் பூமியும், நீர் தெளிக்கும் குழாய்களும் இருமருங்கும் காணப்படும். அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தொலைவிலேயே நுரைச்சோலையை இனங்காட்டும். வீதி முழுவதும் சமதரை. பயிற்சிக்கு இது நன்மையும் தீமையும் உடைய நிலம்.

மனிதன் ஒருவன் ஒரு கிலோமீற்றர் ஓடுதற்கு, அவனது எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகின்றது. 60 கிலோகிராம் எடையுடையவனுக்கு முழு மரதனுக்கும் 2,500 கிலோகலோரி வேண்டும். தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேர்ந்துள்ள காபோவைதரேற்றோ ஏறத்தாழ 500 கிராம். அது தரும் சத்தி 2,000 கிலோகலோரி. எஞ்சியதைக் கொழுப்பே கொடுத்தல் வேண்டும். மெலிந்த உடலிலும் கொழுப்புக்குக் குறைவில்லை. ஆறு கிலோகிராம் கொழுப்பில் 50,000 கிலோகலோரிக்கு மேல் அடங்கியிருக்கும். ஆனால், அதை எரிப்பதற்கு ஒட்சிசன் மிகுதியாக வேண்டும். அஃது எரியும் வேகமும் குறைவு. கிளைக்கோசன் தீர்ந்தவனுடைய கால்கள் 30 முதல் 35 கிலோமீற்றர் அளவில் திடீரெனக் கனத்துப்போதலும், நெஞ்சுரம் உடையவனும் நடக்கத் தொடங்குதலும் இதனாலேயே நிகழ்கின்றன. சுவரில் மோதியது போல் இருந்தது என்று ஓடியவர் சொல்வது மிகையன்று.

நீளோட்டப் பயிற்சியின் பயன் இங்கேதான் விளங்குகின்றது. வாரத்தில் ஒரு நாள், மெதுவாக, நெடுநேரம் ஓடுங்கால், தசைநார்களைச் சூழ்ந்த நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன; கலங்களுள் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சத்தி பிறப்பிக்கும் இழைமணிகள் பெருகுகின்றன; கொழுப்பை முன்னரே எரிக்கத் தொடங்கிக் கிளைக்கோசனைச் சேமிக்கும் திறன் வளர்கின்றது. எலும்பும் தசைநாணும் அடிமேல் அடி தாங்கப் பழகுகின்றன. இவை யாவும் வாரங்களில் விளைவன, நாட்களில் அல்ல.

இம்முறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் நியூசீலாந்து நாட்டுப் பயிற்றுநர் ஆதர் லிடியாட். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைபார்த்த அவர், தம் உடலையே சோதனைக் களமாக்கி, எவ்வளவு ஓடினால் பயன், எவ்வளவு ஓடினாற் கேடு என்று ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். அவருடைய மாணாக்கர் வாரத்துக்கு 100 மைல் ஓடினர். ஞாயிறுதோறும் ஒக்லாந்து நகர்ப்புறத்துக் குன்றுகளிலே 22 மைல் ஓடினர். 800 மீற்றர் ஓடுபவரான பீற்றர் சினெல்லும் அந்த 22 மைலை ஓடினார் என்பதே வேடிக்கை. 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் சினெல் 800 மீற்றரிலும், மறீ ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் பொன் வென்றனர். பரி மகீ மரதனில் மூன்றாமிடம் பெற்றார். மூவரும் லிடியாட்டின் மாணாக்கரே.

லிடியாட்டின் 100 மைல், தொழில் புரிந்து வாழும் ஒருவருக்குப் பொருந்துவதன்று. நுரைச்சோலையில் வயல்வேலையோ கடற்றொழிலோ ஆசிரியப்பணியோ உடைய ஓர் இளைஞர், ஏற்கெனவே வாரத்துக்கு 40 கிலோமீற்றர் ஓடிப் பழகியவர், பதினாறு வாரங்களில் முழு மரதனுக்கு ஆயத்தமாகலாம். அவருடைய ஞாயிற்றுக்கிழமை நீளோட்டங்கள் 14, 16, 18 என ஏறி, நான்காம் வாரம் 14க்கு இறங்கும். பின்னர் 20, 22, 24 என ஏறி 18க்கு இறங்கும். அதன்பின் 26, 28, 30 என ஏறி 22க்கு இறங்கும். பதின்மூன்றாம் வாரத்தில் 32 கிலோமீற்றரைத் தொட்டு, அங்கே ஏற்றம் நின்றுவிடும். நான்காம் வாரந்தோறும் வரும் இறக்கம் சோம்பலுக்கு இடங்கொடுப்பதன்று; உடல் தன்னைத் திருத்திக்கொள்ளும் காலம் அதுவே. ஏறுவதை மட்டுங் குறித்துவைத்து இறங்குவதை மறப்பவர், முழங்காலும் கணைக்காலும் நொந்து, பத்தாம் வாரத்தில் வீட்டிலிருப்பர்.

நீளோட்டம் வாரத் தூரத்தில் மூன்றிலொரு பங்கை விஞ்சலாகாது என்பர் நூலோர். வாரத்துக்கு 70 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவர் 32 கிலோமீற்றரை ஒரே நாளில் ஓடினால் அவ்விதி மீறப்படுகின்றது. இம்முரணை மறைப்பதிற் பயனில்லை. வாரநடுவில் 14 முதல் 16 கிலோமீற்றர் கொண்ட இடைநீள ஓட்டமொன்றைச் சேர்த்துக்கொண்டால் ஞாயிற்றுச் சுமை ஒருவாறு தணியும் என்பதே இதற்கு விடை. இன்னொரு வரம்பும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியால் வரும் களைப்பு, வரும் பயனை விழுங்கிவிடும். கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம் எடுப்பவர் மூன்று மணியில் ஏறத்தாழ 26 கிலோமீற்றர் ஓடியிருப்பார். அவர் அவ்வளவில் நிறுத்துவதே அறிவுடைமை. வேகமாக ஓடுபவருடைய அட்டவணையை மெதுவாக ஓடுபவர் எழுத்துக்கெழுத்துப் பின்பற்றுவதால் வந்த கேடுகள் பல. வேகமோ, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய அளவிலேயே இருத்தல் வேண்டும்.

கொழும்பு மரதன் பெரும்பாலும் ஒக்டோபர் மாதத்திலே நடைபெற்று வந்துள்ளது. அதற்கு ஆயத்தமாகுபவர் யூன் நடுப்பகுதியிற் பயிற்சி தொடங்க வேண்டும். நுரைச்சோலைக் கரையில் அது சோளகக் காற்றின் காலம். மே தொடங்கிச் செத்தெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, பாய்விரித்து அலைமேற் செல்லும் வெளிநாட்டு விளையாட்டினரைக் கற்பிட்டிக்கு அழைத்து வருவது. ஓடுபவருக்கோ அது ஒரு கணக்கை விதிக்கின்றது. வடக்கே சென்று திரும்பினால், போகும்போது காற்று முதுகிலும் வரும்போது முகத்திலும் படும். தெற்கே சென்று திரும்பினால் இதற்கு மறுதலை. களைத்த பின்னர்க் காற்றை எதிர்க்கலாகாது என்று கருதி முதலில் தெற்கே ஓடுவோர் பலர். வெயிற் காலத்துக்கு அக்கருத்துப் பொருந்தாது. பின்னிருந்து வீசும் காற்று ஓடுபவரின் வேகத்தோடு ஒத்துச் செல்லுங்கால், அவரைச் சூழ்ந்த காற்று அசைவற்றது போலாகி, வியர்வை ஆவியாகாது வழிந்தோடும். ஒரு லீற்றர் வியர்வை முற்றும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். சொட்டி விழும் வியர்வையாற் பயன் ஏதுமில்லை. ஆகவே, இருளிலே வடக்கு நோக்கிப் போய், கதிரவன் எழுந்த பின்னர் எதிர்காற்றிலே திரும்புவதே உடலுக்கு நன்று. வேகம் சற்றுக் குறையும், குறைந்தாற் குறையட்டும்.

அதிகாலை நாலரை மணிக்குப் புறப்படுபவர் ஏழரைக்குள் மூன்று மணி நேரத்தை முடித்துவிடலாம். கடற்கரை மணலில் ஓடினால் காலுக்கு மென்மை என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறல் வேண்டும்: மென்மணலில் ஓடுதற்குத் திண்ணிய தரையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு சத்தி செலவாகும் என 1998ஆம் ஆண்டு பெல்சிய ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர். கரையின் சாய்வும் ஒரு காலைத் தாழ்த்தி மறு காலை உயர்த்தும். சிறு ஓட்டத்துக்கு மணல் தகும். நீளோட்டத்துக்கு வீதியின் ஓரமே தகும். மின்நிலையத்துக் கரித்தூள் காற்றோடு பறந்து வருகின்றதென ஊரவர் பல்லாண்டாக முறையிட்டு வந்துள்ளனராதலின், சோளகம் வலுத்த நாட்களில் அதன் காற்றுவழியே நெடுநேரம் ஓடுதலைத் தவிர்க்கலாம். நீரிலும் கவனம் வேண்டும். இக்குடாநாட்டு மணற்றரையின் ஆழமற்ற கிணறுகள் பலவற்றில் உரத்தினின்றும் நைத்திரேற்று ஊறிக் கலந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டக் கிணற்று நீரைத் தலையில் வார்க்கலாம். குடித்தற்கு வீட்டிலிருந்து கொண்டு செல்வதே முறை. வழியிலே செவ்விளநீர் கிடைத்தல் இவ்வூரின் பேறு.

தாகத்துக்கு மேல் நீர் அருந்துவதும் இடரே. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனை ஓடி முடித்தவர்களுள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினரிடம் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது மிகுதியாக நீர் அருந்தி எடை கூடியவர்களே இவ்விடர்க்குப் பெரிதும் உட்பட்டவர்.

வெப்பம் எத்துணைக் கொடிது என்பதற்கு மரதன் வரலாற்றிலே சான்றுகள் பல. 1912இல் ஸ்ரொக்கோம் ஒலிம்பிக்கில் ஓடிய போத்துக்கேய வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயிலுக்குக் காப்பென்று உடம்பில் மெழுகு பூசிக்கொண்டார். வியர்வை வெளியேற வழியின்றி மயங்கி விழுந்து மறுநாள் மாண்டார். 1954இல் வன்கூவர் நகரிலே நடந்த பேரரசு விளையாட்டு விழாவில், ஆங்கில வீரர் ஜிம் பீற்றர்ஸ், அடுத்தவரை ஏறத்தாழ 17 நிமிட தூரம் பின்தள்ளி அரங்கினுள் நுழைந்தார். நுழைந்தவர் நேரே நடக்க இயலாது, விழுந்தும் எழுந்தும் தவழ்ந்தும், எல்லைக்கோட்டை எட்டாமலே தூக்கிச் செல்லப்பட்டார். அந்நாளில் உலகிலேயே மிக விரைவாக மரதன் ஓடியவர் அவர். அதன்பின் அவர் போட்டியில் ஓடவேயில்லை.

உலக வீரருக்கே இக்கதி நேருமாயின், பயிலாத பள்ளி மாணவனுடைய நிலை கூறவேண்டியதில்லை. உடல் வெப்பத்துக்குப் பழகுதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களிற் குருதியின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை விரைவிற் சுரக்கும். எனவே, ஐந்து கிலோமீற்றரே ஆயினும், பெயர் கொடுத்தவரை ஆறு வாரமேனும் படிப்படியாக ஓடவைத்து, போட்டியைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, இடையிடையே நீரும் நிழலும் ஆளும் வைத்தல் ஆசிரியர் கடன். காய்ச்சலுற்று எழுந்தவரையும், நெஞ்சுநோவோ மயக்கமோ முன்னர் உற்றவரையும் மருத்துவர் பார்க்கும்வரை ஓடவிடலாகாது. ஓடியவர் பிதற்றினாலோ தள்ளாடினாலோ உணர்விழந்தாலோ, உடலின் உள்வெப்பம் 40 பாகைக்கு மேற் சென்றிருத்தல் கூடும். அவ்வேளையில் வண்டிக்காகக் காத்திருப்பது தவறு. முதலிற் குளிர்வித்தல், பின்னரே கொண்டுசெல்லல் என்பது மருத்துவர் விதி. பெருந் தொட்டியிலே குளிர்நீரில் கழுத்தளவு அமர்த்துதல் தலைசிறந்தது. அதற்கு வழியில்லையேல், ஈரத்துணி போர்த்தி இடைவிடாது நீர் வார்த்து விசிறுதல் வேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் தோட்டந்தோறும் உள்ள நுரைச்சோலையில் இதற்குக் குறைவில்லை.

இனி, பயிற்சித் தணிப்பு. போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சியைக் கூட்டுவதே இயல்பான மனப்போக்கு. பரீட்சைக்கு முதல்நாள் இரவு விழித்துப் படிக்கும் மாணாக்கரின் போக்கும் அதுவே. உடலோ மாறாக இயங்குகின்றது. இதற்குத் தற்செயலான சான்று தந்தவர் செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சாட்டொபெக். 1950ஆம் ஆண்டு பிரசெல்சு நகரிலே ஐரோப்பியப் போட்டிகள் நிகழவிருந்தபோது அவர் உணவு நஞ்சாகி மருத்துவமனையிற் கிடந்தார். போட்டிக்கு இரண்டு நாள் முன்னரே வெளியேறியவர், 10,000 மீற்றரில் ஏனையோரை ஒரு சுற்றுக்குப் பின்தள்ளி வென்றார். 5,000 மீற்றரிலும் வென்றார். ஓயாத உழைப்புக்குப் பெயர்பெற்ற அவரை நோய் வற்புறுத்தி ஓய்வெடுக்க வைத்தது. மறைந்திருந்த வலிமை வெளிப்பட்டது. இரண்டாண்டின் பின், ஹெல்சிங்கியில், 5,000, 10,000 மீற்றர்களோடு, தம் வாழ்நாளில் முதன்முதலாக ஓடிய மரதனையும் அவர் வென்றமை யாவரும் அறிந்ததே.

தற்செயலாகக் கண்டதை ஆய்வாளர் பின்னர் அளந்தனர். தூரத்தை மூன்றிலிரண்டு பங்கு குறைத்தாலும், வேகத்தைக் குறையாது காத்தால், ஒட்சிசன் உள்ளெடுக்கும் ஆற்றல் பதினைந்து வாரம்வரை குன்றாது என்பதை அமெரிக்கராகிய றொபேட் ஹிக்சன் 1980களிற் காட்டினார். 1992இல் கனடாவிலே செய்த ஆய்வொன்றில், ஒரு வாரம் தூரத்தை வெகுவாகக் குறைத்து விரைவோட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள், களைக்கும்வரை ஓடும் நேரத்தை 22 விழுக்காடு நீட்டினர். முற்றாக ஓய்ந்திருந்தவர்க்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த மதிப்பீடு, இரண்டு வார காலம், தூரத்தை 41 முதல் 60 விழுக்காடு குறைத்து, வேகத்தையும் வாரத்தில் ஓடும் நாட்களையும் மாற்றாது வைப்பதே சிறந்த பயன் தருவதெனக் கண்டது. 2021இல், 1,58,000க்கு மேற்பட்ட சாதாரண மரதன் ஓட்டக்காரரின் பயிற்சிக் குறிப்புக்களை ஆராய்ந்தபோது, மூன்று வாரம் ஒழுங்காகத் தணித்தவர், மிகக் குறுகத் தணித்தவரினும் ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் முந்தியிருந்தமை புலனாயிற்று. இரண்டா மூன்றா என்று வாதிடுவோர் வாதிடட்டும்; தணிக்காதவர்க்கு இரண்டுமில்லை.

முற்கூறிய நுரைச்சோலை இளைஞர் இதனைச் செய்யும் வகை எளிது. 32 கிலோமீற்றர் ஓடிய வாரத்தில் அவர் தூரம் 70 ஆயின், அடுத்த வாரம் 50, அதற்கடுத்த வாரம் 35 எனக் குறையும். ஞாயிற்று ஓட்டம் 22ஆகவும் 14ஆகவும் சுருங்கும். ஓடும் நாட்களின் எண்ணிக்கை குறைய வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது ஓடுதல், அதனுள் இரண்டு நாட்களில் மரதனுக்குக் குறித்த வேகத்திலே ஐந்தாறு கிலோமீற்றர் ஓடுதல், இவ்வளவே. இறுதி வாரத்தில் மூன்று நான்கு சிறு ஓட்டங்கள் போதும்.

இக்காலத்தில் மனமே பகையாகும். ஓடாத நாளில் உடல் கனத்திருப்பது போலத் தோன்றும். இல்லாத நோவு காலில் எழும். கற்றதெல்லாம் கரைந்துபோயிற்றோ என அஞ்சி, போட்டிக்கு ஏழு நாள் முன்னர் இன்னொரு 30 கிலோமீற்றர் ஓடிப் பார்ப்பவர் உளர். கனப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரோடு சேர்ந்தே தசையிற் படிகின்றது. ஆகவே, எடை ஒன்றிரண்டு கிலோகிராம் கூடுதல் சேமிப்பு நிறைந்ததன் அடையாளம்.

அச்சேமிப்பை உணவினால் பெருக்கலாம் என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் பேர்க்ஸ்ரம், ஹல்ற்மன் இருவரும் 1966இல் நிறுவினர். தாமிருவருமே ஒரே மிதிவண்டிப் பொறியின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர் ஒரு காலாலும் மற்றவர் ஒரு காலாலும் களைக்கும்வரை மிதித்து, மூன்று நாள் காபோவைதரேற்று மிகுந்த உணவை உண்டு, தம் தொடைத் தசையை ஊசியால் எடுத்துச் சோதித்தனர். உழைத்த காலிலே கிளைக்கோசன் ஓய்ந்த காலைப்போல் இருமடங்கு சேர்ந்திருந்தது. மூன்று ஆண்டின் பின், ஆங்கில வீரர் றொன் ஹில் இவ்வுணவுமுறையைக் கைக்கொண்டு ஐரோப்பிய மரதனை வென்றார்.

இறுதி இரண்டு மூன்று நாட்களில், எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 10 கிராம் காபோவைதரேற்று என்பது இன்றைய கணக்கு. 60 கிலோகிராம் எடையுடையவர்க்கு ஏறத்தாழ 500 கிராமேனும் வேண்டும். சோறு ஒன்றாலேயே அதை நிரப்புவதாயின் ஏறத்தாழ 1.8 கிலோகிராம் சோறு உண்ணவேண்டும், எவராலும் இயலாது. பிட்டு, ஆப்பம், வாழைப்பழம், பாண், பனங்கட்டி, இனிப்புத் தேநீர் எனப் பகிர்ந்து, சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே வழி. தேங்காயெண்ணெயிற் பொரித்தவையும் மிகுந்த பருப்பும் மரக்கறியும் அந்நாட்களிற் குறையவேண்டும். வயிற்றுக்குப் பழகாத புதிய உணவு எதுவும் ஆகாது. நோன்பு மாதத்திலே பயிற்சி செய்யும் இஸ்லாமிய இளைஞர், நீளோட்டத்தை நோன்பு திறந்து இரண்டு மணி நேரத்தின் பின் இரவிலே வைத்துக்கொண்டு, தூரத்தையும் குறைத்துக்கொள்வது தக்கது.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு சொல். அபேபே பிக்கிலா 1960இல் உரோம் நகரில் வெறுங்காலோடு வென்றதும், இந்தியாவின் சிவநாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் புகழ்பெற்றதும் மாணாக்கர் அடிக்கடி எடுத்துரைக்கும் கதைகள். சிவநாத் சிங் 1978இல் யலந்தர் நகரில் நிலைநாட்டிய 2 மணி 12 நிமிட இந்தியச் சாதனை 45 ஆண்டுக்கு மேல் நின்றது. அவர்கள் இளமை முதல் அங்ஙனம் பழகியவர். பிக்கிலாவே 1964இல் தோக்கியோவில் சப்பாத்தணிந்து மீண்டும் வென்றார். புதுச் சப்பாத்தைப் போட்டியன்று முதன்முதல் அணிவது, வெறுங்காலினும் கேடு. 28, 30 கிலோமீற்றர் ஓடிப் பழகிய சப்பாத்தே அன்று காலில் இருக்க வேண்டும்.

போட்டிக்கு முதல்நாட் காலை, நுரைச்சோலைச் சந்தியிலிருந்து மூன்று கிலோமீற்றர் மெல்ல ஓடி, கொழும்பு பேருந்தை முற்பகலிலேயே பிடித்துவிடுதல் நன்று. பயணம் நீண்டது, கால்கள் மடங்கியே இருக்கும். இடையிலே இறங்கக் கிடைக்கும் இடங்களிற் சற்று நடந்து, நீர் அருந்தி, இரவு எட்டு மணிக்கு முன்னர்ச் சோறுண்டு படுத்துவிடலாம். அன்றிரவு உறக்கம் வாராது போகலாம். அதற்கு முந்திய இரவின் உறக்கமே கணக்கிற் சேரும். புறப்படுதற்கு மூன்று மணி முன்னர் எழுந்து, நீளோட்ட நாட்களில் உண்டு பழகிய அதே பாணையும் வாழைப்பழத்தையும் உண்டு, முதல் ஐந்து கிலோமீற்றரைத் தம் வேகத்தினும் சற்றுக் குறைவாகவே ஓடத் தொடங்குவர், பதினாறு வாரம் பயின்றவர்.